காடைக்கும் கோழிக்கும் ஒரே கூண்டு வேண்டாம்



நம் அறக்கட்டளைக்குச் சிறுதொழில் உதவி கேட்டு வரும் மனுக்களில் இப்போது காடை வளர்ப்பு அதிகமாக இடம்பெறுகிறது. காரணம் தெரிந்ததுதான். சிப்காட் வேலைக்கு வந்தவர்களின் வாடகை வீடுகள் நெருங்கிவிட்ட ஜூஜுவாடியில் ஆடு மாடு வளர்க்க இடம் ஏது? காடைக்கோ மொட்டை மாடியில் ஒரு மூலை போதும். 5 வாரத்தில் இறைச்சிக்குத் தயாராகிவிடும். 7 வாரத்திற்குள் பெட்டைகள் முட்டையிடத் தொடங்கிவிடும்.

இந்த மனுக்களில் ஒரு வரி அடிக்கடி வருகிறது: “வீட்டில் ஏற்கெனவே கோழிக்கூண்டு உள்ளது. காடையையும் அதிலேயே வளர்த்துக்கொள்வேன்.” அந்த வரியைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதை ஒருமுறை நானும் சரியென்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன்.

நடந்தது என்ன?

கணவரை இழந்த ஒரு சகோதரிக்கு வட்டியில்லாக் கடனில் 50 காடைக் குஞ்சுகள் வாங்கிக் கொடுத்தோம். ஒரு வார வயதுக் குஞ்சுகள். அவரிடம் முன்பே 8 நாட்டுக்கோழிகள் இருந்தன. தனிக் கூண்டு செய்யத் தச்சர் சொன்ன தொகையைக் கேட்டதும், “இருக்கிற கூண்டே பெரியதுதானே, செலவு எதற்கு?” என்றேன். அவரும் செயலாளர் சொல்கிறாரே என்று ஒப்புக்கொண்டார்.

அது மார்கழி மாதம். குஞ்சுகளுக்குச் சூடு வேண்டுமென்று கூண்டின் நடுவில் ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டார். கோழிகள் அந்தச் சூட்டைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. விரட்டப்பட்ட குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. அடியில் இருந்தவை மூச்சுத் திணறிச் செத்தன. மிஞ்சியவற்றில் பலவற்றுக்குத் தலையில் கொத்துக் காயம். ஒன்பதாம் நாள் அவர் போன் செய்தார். “பாய், எண்ணிப் பார்த்தேன், 19தான் இருக்கிறது.” சில நாளில் அவையும் முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகிச் செத்துவிட்டன.

கடனை நிர்வாகக் குழு தள்ளுபடி செய்தது. ஆனால் ஜமாஅத்தார் நம்பி ஒப்படைத்த பணம் அது. கூண்டுச் செலவை மிச்சப்படுத்தப் போய் மொத்தத்தையும் இழந்தோம். தவறு அந்தச் சகோதரியுடையது அல்ல, என்னுடையது. அதற்குப் பிறகு கால்நடை மருத்துவரிடமும் காடை வளர்க்கும் அனுபவசாலிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஏன் ஒத்துப்போவதில்லை?

முதலாவது, உருவம். நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. நம் நாட்டுக்கு 1974ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து உத்தரப்பிரதேசத்தின் இஸ்ஸத்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. பின்னர் நாமக்கல் காடை, நந்தனம் காடை என்று நம் மாநிலத்திலேயே ரகங்கள் உருவாக்கப்பட்டன. நன்றாக வளர்ந்த காடையும் 200 கிராம் அளவுதான். நாட்டுக்கோழியோ ஒன்றரைக் கிலோவுக்கு மேல் வரும். கோழிக்கூட்டத்தில் வலியது எளியதைக் கொத்தும் வழக்கம் உண்டு. அந்த வரிசையில் காடை எப்போதும் கடைசியில்தான் நிற்கும். தீவனமும் தண்ணீரும் கோழிகள் விட்டுக்கொடுத்தால்தான் அதற்குக் கிடைக்கும்.

இரண்டாவது, தீவனம். காடைக் குஞ்சுக்குப் புரதம் 24 முதல் 27 சதவீதம் வரை தேவை. முட்டைக்கோழித் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதமே இருக்கும். முட்டை ஓட்டுக்காக அதில் சுண்ணாம்புச் சத்தையும் மிகுதியாகச் சேர்ப்பார்கள். அது குஞ்சுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். காடைத் தீவனத்தைக் கோழிக்கும் சேர்த்துப் போட்டாலோ செலவு கட்டுப்படியாகாது. ஒரு காடை நாளைக்கு 25 கிராம் தின்னும். கோழி அதைப்போல நான்கு மடங்கு தின்னும்.

மூன்றாவது, நோய். முக்கியமான காரணம் இதுதான். கோழிக்கு முகம் வீங்கிச் சளி பிடிக்கும் நோய் வந்து குணமானாலும் கிருமி அதன் உடலில் தங்கியிருக்கும். பார்வைக்கு நலமாக இருக்கும் அந்தக் கோழி காடைகளுக்கு நோயைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. காடையில் முதலில் கண்டறியப்பட்டதால் ‘காடை நோய்’ என்றே பெயர் பெற்ற குடற்புண் நோய், எச்சத்தின் வழியே கோழிக்கும் பரவும். வெள்ளைக்கழிச்சல் காடையை அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆனால் நோய்க்குறி எதுவும் காட்டாமலேயே காடை அந்தக் கிருமியை வெளியேற்றக்கூடும். தடுப்பூசி போடாத கோழிகள் பக்கத்தில் இருந்தால் கூட்டமே போய்விடும்.

இரண்டும் வேண்டுமென்றால்

இரண்டையும் ஒரே வீட்டில் வளர்க்கலாம், ஒரே கூண்டில்தான் கூடாது. கோழி பின்கட்டில் தரையில் இருக்கட்டும், காடை மாடியில் இருக்கட்டும். கோழி அடையும் இடத்துக்குக் கீழே காடைக் கூண்டை வைக்காதீர்கள். எச்சம் நேராகத் தீவனத்தில் விழும்.

தரையில் கூளம் போட்டு வளர்த்தால் ஒரு சதுர அடிக்கு 5 காடை கணக்கு. 50 காடைக்கு 10 சதுர அடி போதும். இந்தச் செலவுக்குத்தான் நான் கணக்குப் பார்த்தேன்! காடை மிரண்டால் நேராக மேலே எம்பும். அதனால் கூண்டின் கூரை ஓர் அடிக்குள் தாழ்வாக இருக்கட்டும், அல்லது மேலே கம்பிக்குப் பதிலாக மென்மையான வலை கட்டுங்கள். எலியும் பெருச்சாளியும் நுழையாத சிறு கண்ணி வலையாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் வாரம் குஞ்சுகளுக்கு 95 டிகிரி பாரன்ஹீட் அளவு சூடு தேவை. பின்னர் வாரந்தோறும் 5 டிகிரி குறைக்கலாம். ஓசூர்ப் பக்கத்துக் குளிரில் 3 வாரம் வரை பல்பு எரியட்டும். குஞ்சுகள் பல்பின் கீழ் குவிந்தால் சூடு போதவில்லை, விலகி ஓடினால் சூடு அதிகம். தண்ணீர்க் கிண்ணத்தில் கூழாங்கற்கள் போடுங்கள். இல்லையென்றால் விரல்நுனி அளவுள்ள குஞ்சு விழுந்து மூழ்கிவிடும்.

தினமும் முதலில் காடையைக் கவனித்துவிட்டுப் பிறகு கோழியிடம் போங்கள். கிண்ணமும் துடைப்பமும் தனித்தனியாக இருக்கட்டும். அத்திப்பள்ளிப் பக்கமிருந்தோ ஓசூர்ச் சந்தையிலிருந்தோ புதிதாக வாங்கிய பறவையை 3 வாரமாவது தனியே வைத்துப் பாருங்கள். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

அடைக்கோழியில் காடை முட்டை

“எங்கள் நன்னிமா கோழியிடம் காடை முட்டை வைத்துப் பொரித்தாரே” என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். பண்ணைக் காடை பொதுவாக அடைகாப்பதில்லை, அதனால் கோழியையோ இயந்திரத்தையோதான் நாட வேண்டும். சிறிய உடலுள்ள கோழியாகப் பாருங்கள். கனத்த கோழி 10 கிராம் முட்டையை நசுக்கிவிடும். கோழி முட்டை பொரிக்க 21 நாள், காடை முட்டைக்கு 17 அல்லது 18 நாள். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் காடைக் குஞ்சு வந்ததும் தாய் எழுந்துவிடும், கோழி முட்டைகள் வீணாகும். எனவே காடை முட்டையை மட்டும் வையுங்கள். குஞ்சுகள் உலர்ந்ததும் பல்புக்குக் கீழ் மாற்றிவிடுங்கள்.

கவனிக்க வேண்டிய இரண்டு

காட்டுக் காடையைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பண்ணைக் குஞ்சுகளை ரசீதுடன் மட்டுமே வாங்குங்கள். இறைச்சிக்கு விற்பவர்கள், பறவை சிறியது என்பதற்காக அறுப்பில் அவசரம் காட்ட வேண்டாம். ஒவ்வொன்றையும் பிஸ்மி சொல்லி முறைப்படி அறுக்க வேண்டும்.

இனி நம் அறக்கட்டளை காடைக்குக் கடன் கொடுக்கும்போது தனிக் கூண்டின் செலவும் அதில் சேர்ந்தே இருக்கும். கூண்டைப் பார்த்த பிறகே குஞ்சுக்குப் பணம். நமக்கு அருகிலேயே மத்திகிரியில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. தொடங்குவதற்கு முன் அங்கே போய் ஒருமுறை விவரம் கேட்டுவிடுங்கள்.

அந்தச் சகோதரி இந்த முறை தனிக் கூண்டுடன் மீண்டும் மனு கொடுத்திருக்கிறார். கூண்டு தயாராகிவிட்டது. இன்ஷா அல்லாஹ், குளிர் குறைந்ததும் குஞ்சுகள் வரும்.