ராணித் தேனீ ஏன் மாலையில் பறக்கிறது?

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் பெட்டி வைத்து வளர்க்கப்படும் இந்தியத் தேனீயின் ராணி, முட்டை இடப்பட்ட ஏறத்தாழ 16 நாளில் வெளிவந்துவிடும். வேலைக்காரத் தேனீயைவிட அவளுக்கு நாள் குறைவு. புழுப் பருவம் முழுக்க அரசக்கூழ் ஊட்டுவதே காரணம். ஆனாலும் உடனே முட்டையிட மாட்டாள். உடல் முதிர்ந்து, கூட்டின் இருப்பிடம் பழகி, ஏறக்குறைய ஒரு வாரம் கழித்தே கலவிப் பறப்புக்குக் கிளம்புவாள்.

அதற்கும் நேரம் உண்டு. இலங்கையில் கோனிகரும் விஜயகுணசேகரவும் ஆராய்ந்து 1976-இல் வெளியிட்ட முடிவு இது: கொம்புத் தேனீயின் ஆண்கள் நண்பகல் 12 முதல் 2.30 வரை பறக்கின்றன. இந்தியத் தேனீயின் ஆண்கள் மாலை 4.15 முதல் 5.15 வரை, மலைத் தேனீயின் ஆண்கள் 6 மணிக்கு மேல், அந்தி மங்கும்போது. ராணியும் தன் இனத்து ஆண்கள் பறக்கும் நேரத்தில்தான் கிளம்புவாள்.

ஏன் இந்தப் பங்கீடு? மூன்று இனத்து ராணிகளும் ஆண்களை ஈர்க்கச் சுரக்கும் முக்கிய வேதிப்பொருள் ஒன்றேதான். மணம் பொதுவாக இருக்கும்போது, இனக்கலப்பைத் தடுக்கப் பெரிதும் உதவுவது பொழுதுதான். எத்தனை நுட்பமான ஏற்பாடு!

கொங்கு நாட்டில் இந்த மாலைப் பறப்புக்கு இடைஞ்சல் ஐப்பசி மழை. மாலைதோறும் இடி மழை பிடித்துக்கொண்டால் ராணி வெளியேற முடியாது. சில வாரங்கள் தள்ளிப்போனால் கலவிக்கான பருவமே கடந்துவிடும். பிறகு அவள் இடுவது கருவுறாத முட்டைகள். அவற்றிலிருந்து ஆண்கள் மட்டுமே பிறக்கும், கூடு மெல்ல அழியும்.

ஆகவே, புது ராணி வந்த பெட்டியை மாலையில் திறக்காதீர்கள். இரண்டு வாரம் பொறுத்து, காலையில் முட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.