தம் உடலில் முதல் ஊசி

ஒரு தடுப்பூசி உண்மையிலேயே நோயைத் தடுக்கிறதா? இதை எப்படிக் கண்டறிவது? ஊசி போட்டுக்கொண்டவருக்கு நோய் வரவில்லை என்பது மட்டும் போதாது. ஊசி போடாவிட்டாலும் அவருக்கு நோய் வராமலே இருந்திருக்கலாம் அல்லவா? இந்தச் சிக்கலுக்கு விடை தேடி நம் நாட்டுக்கு வந்த இளம் விஞ்ஞானி வால்டிமர் ஹாஃப்கின்.

1860-இல் ஒடெசா நகரில் பிறந்த இவர், 1889-இல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் சேர்ந்தார். கிடைத்தது ஆராய்ச்சிப் பதவி அன்று; நூலக உதவியாளர் வேலை! ஓய்வு நேரத்தில்தான் ஆய்வுக்கூடத்தில் காலராக் கிருமிகளை ஆராய்ந்தார்.

கிருமிகளைக் கினியா பன்றிகளின் உடலில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்தபோது அவற்றின் வீரியம் கூடியது. 39 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் காற்றோட்டத்துடன் வளர்த்தபோது வீரியம் குறைந்தது. முதலில் வீரியம் குறைந்த கிருமி, சில நாள் கழித்து வீரியம் மிகுந்த கிருமி என இரண்டு ஊசிகள் போடுவது இவர் முறை. காலராக் கிருமி குடலுக்குள் புகுந்தால்தான் நோய் உண்டாகும். தோலுக்கடியில் செலுத்தினால் நோய் வராது. உடல் மட்டும் அதை எதிர்க்கப் பழகிக்கொள்ளும்.

1892 ஜூலை 18 அன்று முதல் ஊசியைத் தமக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்து தணிந்தது. அப்போது அவருக்கு வயது 32.

ஆனால் இதனால் தெரிந்தது என்ன? ஊசியால் பெரிய ஆபத்தில்லை என்பது மட்டுமே. நோயைத் தடுக்குமா என்றறிய, நோய் உள்ள இடத்துக்குத்தான் போகவேண்டும். 1893-இல் கல்கத்தா வந்தார்.

ஒரே குளம், ஒரே தண்ணீர்

பூதப்பாண்டி வயலில் புது உரத்தைச் சோதிக்கும் விவசாயி என்ன செய்வார்? ஒரே வயலில் பாதிக்கு உரமிட்டு, மறுபாதியைச் சும்மா விடுவார். மண்ணும் நீரும் விதையும் ஒன்றே. விளைச்சலில் வேறுபாடு தெரிந்தால் அது உரத்தால் வந்தது. ஹாஃப்கின் செய்ததும் இதுபோன்றதே.

1894-இல் காட்டல் பாகான் என்ற குடிசைப் பகுதியில் காலரா தோன்றியது. அங்கிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டனர். எல்லோரும் பக்கத்துப் பக்கத்துக் குடிசைக்காரர்கள். அதன்பின் நோய் கண்டவர்கள் அனைவரும் ஊசி போடாதவர்களே! முதலில் அஞ்சிய மக்கள் பிறகு முன்வந்தனர். 1895-க்குள் நாட்டின் பல பகுதிகளில் 42,000 பேருக்கு ஊசி போடப்பட்டது.

1897-இல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியையும் இவர் தம் உடலிலேயே முதலில் சோதித்தார். அங்குள்ள ஆய்வு நிலையத்துக்கு 1925-இல் இவர் பெயர் சூட்டப்பட்டது. இன்று காலராவுக்கு வாய்வழித் தடுப்பு மருந்துகள் உள்ளன. ஆயினும் தூய குடிநீரே முதல் காவல்.

மாணவர்களே, "இந்த மருந்தைச் சாப்பிட்டேன், குணமாயிற்று" என்று யாராவது சொன்னால், "சாப்பிடாதவர்களுக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டுப் பாருங்கள்.