மாவு பிசைந்து படிக்கும் மதப் பாடம்
அமெரிக்க யூதச் சிறுவர்களின் கோடை முகாம்

மும்பை மஸ்ஜித் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்கும் நம்மவர்கள் ஏராளம். அந்தப் பெயர் வந்தது அருகில் உள்ள யூதர்களின் பிரார்த்தனைக் கூடத்தால் என்பார்கள். அது 1796-ல் கட்டப்பட்டது.

கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த யூதர்கள் சனிக்கிழமை செக்கை நிறுத்திவிடுவார்கள். ஊரார் அவர்களை 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை செக்கார் என்றே அழைத்தார்கள். அந்த ஓய்வு நாளும் வேறு சில வழக்கங்களும்தான் அவர்களைத் தனி இனமாகக் காத்தன.

அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன யூதர்கள், பிள்ளைகளுக்கு வழக்கத்தைச் சொல்லிக்கொடுக்க வேறு ஒரு வழி கண்டார்கள்.

மாலை வகுப்பு

1880-க்கும் 1924-க்கும் இடையே கிழக்கு ஐரோப்பாவில் இருந்து சுமார் 20 லட்சம் யூதர்கள் அங்கே குடியேறினார்கள். நியூயார்க்கில் பலருக்குத் தையல் வேலை. ஒண்டுக் குடித்தனம். பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். வீட்டு மொழியைப் பேச வெட்கப்பட்டார்கள்.

பள்ளி விட்டதும் மாலையில் மத வகுப்பு உண்டு. ஆனால் களைத்துப்போன பையனின் மனம் தெருவில் நடக்கும் பந்தாட்டத்தில் அல்லவா இருக்கும்! பாடம் எப்படி ஏறும்?

கோடை விடுமுறை கைகொடுத்தது. 1919-ல் 'செஜ்வின்' முகாம் தொடங்கியது. 1941-ல் 'மஸாத்' முகாம் வந்தது. அங்கே பேஸ்பால் ஆட்டம்கூட ஹீப்ரு மொழியில்தான்! 1947-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் முதல் 'ராமா' முகாம் திறக்கப்பட்டது.

முடிச்சில் கணக்கு

இன்று பல முகாம்களில் வெள்ளிக்கிழமை என்றால் பிள்ளைகள் கையில் மாவு. ஓய்வு நாளுக்கான ரொட்டியை அவர்களே பிசைந்து, சடை போல் பின்னுகிறார்கள். சுடுவதற்கு முன் சிறு உருண்டை மாவு தனியே எடுத்துவைக்கப்படுகிறது. பழங்காலத்தில் பூசாரிக்குக் கொடுத்த பங்கின் நினைவு அது. அதை யாரும் தின்பதில்லை, எரித்துவிடுவார்கள். "ஏன் எரிக்கிறோம்?" என்று பிள்ளை கேட்கும்போது பாடம் தொடங்குகிறது.

பிரார்த்தனை ஆடையின் மூலைகளில் குஞ்சம் கட்டவும் கற்றுத்தருகிறார்கள். 4 நூலை மடித்தால் 8. 5 இரட்டை முடிச்சு. முடிச்சுகளுக்கு நடுவே 7, 8, 11, 13 என்று சுற்று. கூட்டினால் 39. நம் தமிழில் 'க' ஒன்று, 'உ' இரண்டு என்பது போல ஹீப்ரு எழுத்துக்கும் எண் மதிப்பு உண்டு. 'இறைவன் ஒருவனே' என்பதற்கான எழுத்துகளைக் கூட்டினாலும் 39! சுற்றில் ஒன்று தவறினால் அவிழ்த்து மறுபடி கட்டவேண்டும். இரண்டு முறை அவிழ்த்தவன் அந்தக் கணக்கை மறப்பானா?

எருசலேம் ஆலயம் அழிந்த துக்க நாள் ஜூலை அல்லது ஆகஸ்டில் வரும். பள்ளி இல்லாத காலம். முகாமில்தான் பல பிள்ளைகள் அதை அறிகிறார்கள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தரையில் அமர்ந்து புலம்பல் பாடல்களைக் கேட்கிறார்கள்.

மொழி வந்ததா?

இதில் குறை இல்லாமல் இல்லை. சில வாரங்களுக்கே ஆயிரக்கணக்கில் டாலர் கட்டணம். உதவித்தொகை இருந்தாலும் எல்லோருக்கும் எட்டாது.

மொழி விஷயமும் அப்படித்தான். இந்த முகாம்களின் ஹீப்ருவைப் பற்றி மூன்று ஆராய்ச்சியாளர்கள் எழுதிய நூல் 2020-ல் வந்தது. முழுக்க ஹீப்ருவில் பேசும் முகாம் அருகிவிட்டது என்கிறது அது. இப்போது ஆங்கில வாக்கியத்துக்கு நடுவே ஹீப்ருச் சொற்கள். சாப்பாட்டுக் கூடத்தை 'ஹதர் ஓஹெல்' என்பார்கள்; மற்றதெல்லாம் ஆங்கிலம். "அம்மா, முஜே தோசை தேதோ" என்று தாராவியில் கேட்கும் பேச்சுக்கு அக்கா தங்கை மாதிரி! பேசத் தெரியாவிட்டாலும் அந்தச் சொற்களின் மேல் பிள்ளைகளுக்குப் பாசம் வருகிறதாம். அது போதுமா என்ற வாக்குவாதம் அங்கேயும் ஓயவில்லை.

சனிக்கிழமை இருட்டியதும் ஓய்வு நாள் முடிகிறது. பின்னிய மெழுகுவர்த்தி ஏற்றி, கிராம்பு, பட்டை வைத்த டப்பியைக் கைமாற்றி முகர்ந்து பார்க்கிறார்கள். பிறகு திராட்சை ரசத்தில் சுடரை அணைக்கிறார்கள். இந்தச் சடங்கை எப்போதோ கைவிட்ட வீடுகளும் உண்டு. முகாம் முடிந்து வந்த பிள்ளை, அந்த வீட்டில் முதல் சனிக்கிழமையே கிராம்பு எங்கே என்று தேடுகிறது.