நெல்லிக்காய் அளவு லட்டு

ஜனவரிக் கடைசி என்றால் ஆக்லாந்தின் கிளென்ஃபீல்ட் பகுதித் தமிழ் வீடுகளில் பெட்டி திறக்கும் காலம். பள்ளி விடுமுறைக்கு ஊருக்குப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பியிருப்பார்கள். அப்படித்தான் தோழி ஒருத்தி வந்தாள். டீ கொதிப்பதற்குள் கைப்பையைத் துழாவி, ஒரு கோவில்பட்டிக் கடலைமிட்டாயையும் ஒரு காசிக் கயிற்றையும் மேசையில் வைத்தாள். "இவ்வளவுதான் மிஞ்சுச்சு, தப்பா நினைக்காதே" என்றாள். இதில் தப்பாக நினைக்க என்ன இருக்கிறது? அவள் கூச்சத்துக்குள் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு குழப்பம் ஒளிந்திருக்கிறது. டீ ஆறுவதற்குள் அதைப் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஊரிலிருந்து வாங்கி வருவதைப் பரிசு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். குழப்பம் அதுதான். பரிசு என்று வந்துவிட்டால் யாருக்கு என்ன பிடிக்கும், என்ன விலை, போன தடவை அவர்கள் நமக்கு என்ன தந்தார்கள் என்று கணக்கு தொடங்கிவிடும்.

இதைத் திருப்பதி லட்டை வைத்துச் சோதிப்போம். தெருவில் ஒரு வீட்டார் திருப்பதி போய் வந்தால், ஒரே லட்டு எட்டு வீட்டுக்குப் போகும். நமக்கு வருவது நெல்லிக்காய் அளவு. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வோம். "இத்துனூண்டா?" என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை. அதே அளவு மைசூர்பாகைப் பிறந்தநாளுக்குக் கொடுத்துப் பாருங்கள், பேச்சு அடுத்த தெருவரை போகும். பரிசு சிறிதானால் குறை. லட்டோ உதிர்ந்த பூந்தியாக வந்தாலும் குறையில்லை, ஏனென்றால் அது பங்கு.

எதில் பங்கு? பயணத்தில்தான். அவர்கள் கிளம்பிய நாளுக்குப் போவோம். பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, "என் பேருக்கு உண்டியல்ல போட்டுடு கண்ணு" என்று பத்து ரூபாயைக் கையில் திணித்தாரே, நினைவிருக்கிறதா? பாட்டியின் முழங்காலால் மலை ஏற முடியாது, காசு ஏறிவிட்டது. ஆக, போனவர்கள் மட்டும் போகவில்லை. திரும்பி வரும் லட்டு பாட்டிக்கான ரசீது: போனேன், போட்டேன், இதோ. அந்த லட்டுக்கு 2009-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊர்ப் பெயருக்குப் பட்டா எழுதிக் கொடுப்பது போன்ற ஏற்பாடு அது. தேவஸ்தானத்தைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரில் விற்க முடியாது. ரசீதுக்கு முத்திரை குத்திய மாதிரி ஆயிற்று.

ஜப்பானில் இதை நம்மைவிட ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். ரயிலுக்கு முந்தைய எடோ காலத்துக் கிராமங்களில் 'கோ' என்று ஒரு ஏற்பாடு. நம் சீட்டு மாதிரிதான். எல்லோரும் காசு போட்டு, குலுக்கிப் பார்த்து, பெயர் விழுந்தவரை ஈசே கோயிலுக்கு அனுப்புவார்கள். ஊரார் காசில் போனவர் வெறுங்கையோடு திரும்ப முடியுமா? கோயிலின் காப்புச் சீட்டுகளை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டு வந்தார். அப்படிக் கொண்டு வருவதற்கு 'ஒமியாகே' என்று பெயர். அதை எழுதும் இரண்டு எழுத்துகளுக்கும் 'மண்', 'விளைச்சல்' என்று பொருள். ஈசேயில் 1707 முதல் 'அகாஃபுகு' என்ற இனிப்பு விற்கிறார்கள், அரிசி மாவுக் கொழுக்கட்டைமேல் பயற்றுப் பூரணம் அப்பியது. ஆனால் அது இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும், வழியோ பல நாள் நடை. அதனால் காகிதச் சீட்டும் தாயத்தும்தான் ஊர் போய்ச் சேர்ந்தன. ரயில் வந்த பிறகே தின்பண்டம் பெட்டியில் ஏறியது. நம் காசிக் கயிறும் இந்த இனம்தான்: ஒரு கைப்பிடிக்குள் நூறு பேர் அடங்கிவிடுவார்கள்.

பெட்டி எதிர்த்திசையில் போகும்போதுதான் சிக்கல். இங்கிருந்து கிளம்பும் நாம் விட்டேக்கர்ஸ் சாக்லேட்டும் மானுகா தேனும் வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டுகிறோம். "அவளுக்குத் தேன், எனக்குச் சாக்லேட்டா?" பெயர் எழுதியதுமே பங்கு பரிசாகிவிட்டது, பரிசுக்கு விலையும் வந்துவிட்டது. தேனின் தரத்தைக் காட்டப் பாட்டிலில் போட்டிருக்கும் யூ.எம்.எஃப். எண்ணைப் படிக்க ஊரில் இப்போது பழகிவிட்டார்கள். எண் ஏற ஏற நமக்கு மரியாதையும் ஏறுகிறது! என்னைக் கேட்டால், பெரிய சாக்லேட் பாளம் ஒன்றைக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் உடைப்பதே மேல்.

திரும்பும்போது ஆக்லாந்து விமான நிலையம் வேறு இருக்கிறது. இது விவசாய நாடு. ஒரு விதையோ பூச்சியோ உள்ளே வந்துவிடக் கூடாதென்று பயப்படுகிறார்கள். உணவு எதுவானாலும் வருகைப் படிவத்தில் சொல்லியாக வேண்டும், மறைத்துப் பிடிபட்டால் 400 டாலர் அபராதம். சொன்னதற்கு அபராதம் இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள், ஆகாததென்றால் எடுத்துக்கொள்வார்கள். தோழி சொல்லியிருக்கிறாள், அதனால் மிட்டாய் வந்து சேர்ந்தது.

மீதி எங்கே போயிற்று என்று கேட்டேன். விரல்விட்டு எண்ணினாள். நான்கு பாக்கெட் எதிர்வீட்டு வெள்ளைக்காரருக்கு. ஐந்து வாரமும் இவர்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருவோரம் தள்ளி வைத்து, மறுநாள் உள்ளே இழுத்துவிட்டவர் அவர். ஒன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்ணுக்கு. கடைசி ஒன்றுதான் என் மேசையில்.

கரண்டிக் காம்பால் அதைத் தட்டினேன். மூன்றாக உடைந்தது. வீட்டில் நாங்கள் நான்கு பேர், பெரிய துண்டை மறுபடியும் தட்டினேன்.