பழுதா, இறுகலா? அசையாத கியர் லிவரைத் திருத்துறது எப்படி



இந்தக் கிழமை எபிசோட்டில் பொருட்களைத் திருத்தும் உரிமை பற்றிக் கதைத்தோம். ஃபோன், லாப்டொப், வோஷிங் மெஷின் எண்டு போன கதையில் சைக்கிளுக்கு இரண்டு நிமிசம்தான் கிடைத்தது. அந்த இரண்டு நிமிசத்தை இங்கே விரித்து எழுதுகிறேன். ஏனெண்டால் ரோட் பைக் வைத்திருக்கிற ஆக்களுக்கு இது எப்பவோ ஒருநாள் வரும்: கியர் லிவரைத் தள்ளுவீங்கள், ஒண்டும் நடக்காது.

அப்படி ஒரு லிவரைக் கடைக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் வருகிற பதில் "மாத்த வேணும்." எனக்கும் அதையே சொன்னார்கள். நான் டோர்ட்முண்டில் வேலைக்குச் சைக்கிளில் போகிற ஆள். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்குகிற நாட்களில் எஸ்-பானை நம்பினால் சரிவராது. அவுஸ்பில்டுங் முதல் சம்பளத்தில் 350 யூரோவுக்கு வாங்கின பழைய ரோட் பைக் அது. ஒரு பெப்ரவரி மாதம் அதின் வலது லிவர் நிண்டு போச்சு. புது லிவரும் கூலியும் சேர்த்துக் கடையில் சொன்ன விலை 260 யூரோ. சைக்கிளை எறிஞ்சுபோட்டு வேற ஒண்டு வாங்கு எண்டு சொல்லாமல் சொன்ன மாதிரி.

வீட்டில் அப்பா லிவரை ரெண்டு தரம் ஆட்டிப் பார்த்தார். "பிள்ளை, இது பழுதாகேல்லை. இறுகிப் போச்சு" எண்டார். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடின ஆள் அவர். பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்ட தலைமுறை. புதுச் சாமான் கிடைக்காத இடத்தில், பழுதுக்கும் இறுகலுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமல் சீவிக்க ஏலாது. காசைக் குடுக்க முதல் நீங்களும் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க வேணும்.

உள்ளுக்குள் என்ன இருக்கு?

பழைய ரோட் பைக்குகளில் கியர் லிவர் சட்டத்தின் கீழ்க்குழாயில் இருந்தது. உராய்வில் நிற்கிற சின்னத் தடி, அவ்வளவுதான். எவ்வளவு தள்ளுவது எண்டதைக் காதும் கையும் தீர்மானிக்கும். 1984 இல் ஷிமானோவின் டியூரா-ஏஸ் வரிசையில் ஒவ்வொரு கியருக்கும் ஒரு 'க்ளிக்' வந்தது. 1990 இல் அதே கம்பனி கியரையும் பிரேக்கையும் ஒரே லிவருக்குள் வைத்தது. எஸ்டிஐ எண்டு சொல்லுறது அதைத்தான். 1992 இல் கம்பக்னோலோ தன்னுடைய எர்கோபவரைக் கொண்டுவந்தது. ஹாண்டிலில் இருந்து கையை எடுக்காமல் கியர் மாத்தலாம். ஆனால் ஒரு தடி இருந்த இடத்துக்குள் இப்ப ஒரு சின்ன மணிக்கூட்டு இயந்திரமே இருக்கு.

அதுக்குள் ஒரு பல்லுச் சக்கரம் உண்டு. பல்லுகளுக்குள் விழுந்து பிடிக்கச் சின்னக் கொக்கிகள் உண்டு. கொக்கியைப் பல்லோடு அழுத்தி வைத்திருக்க மெல்லிய ஸ்பிரிங். லிவரைத் தள்ளினால் ஒரு கொக்கி சக்கரத்தை ஒரு பல்லளவு தள்ளும்; இன்னொரு கொக்கி அது திரும்பி வராமல் பிடித்துக்கொள்ளும். கேபிளை விடுகிற பக்கம் அமத்தினால், பிடித்த கொக்கி ஒரு பல்லை மட்டும் விடும். சக்கரத்தோடு சேர்ந்து 1.2 மி.மீ. தடிப்புள்ள கேபிள் இழுபடும், அல்லது தளரும். 11 கியர் கேசட்டில் ஒரு பல்லுச் சக்கரத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 4 மி.மீ. கூட இல்லை. கேபிள் கொஞ்சம் சிக்கினாலே கியர் குழம்புறது அதாலதான்.

முதலில் நடுவில் வெட்டிப் பாருங்கோ

கோட் எழுதுற ஆக்களுக்கு இது தெரிந்த வேலை. பிழை எங்கே எண்டு தெரியாவிட்டால் நடுவில் பிரித்து, எந்தப் பாதியில் இருக்கு எண்டு பார்க்கிறது. இங்கே நடு எண்டால், பின்பக்க டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கிற போல்ட்.

1. வலது லிவர் பின் கியர், இடது லிவர் முன் கியர். எந்தப் பக்கம் பிரச்சினை எண்டு உறுதிப்படுத்துங்கோ.

2. முடிந்தால் செயினை ஆகச் சின்னப் பல்லுச் சக்கரத்துக்குக் கொண்டுவாங்கோ. பிறகு டீரெய்லரில் கேபிள் போல்ட்டைத் தளர்த்துங்கோ. பெரும்பாலும் 5 மி.மீ. அலன் கீ, சிலதில் 4.

3. கேபிள் நுனியை ஒரு கையால் மெதுவாக இழுத்துப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் லிவரைத் தள்ளுங்கோ.

லிவர் இரண்டு பக்கமும் ஒழுங்காகக் க்ளிக் பண்ணினால் லிவரில் பிழையில்லை. கேபிள் ஓடுகிற ஹவுசிங்கில் துரு இருக்கும், அல்லது டீரெய்லரின் மூட்டுக்குள் ஊத்தை இறுகியிருக்கும். குளிர்காலத்தில் வீதிக்குப் போடுகிற உப்பு முதலில் பிடிக்கிற இடங்கள் அவை. கேபிளும் ஹவுசிங்கும் சில யூரோக்கள்தான், மாத்திவிடுங்கோ. பிரேக் ஹவுசிங் வேற, கியர் ஹவுசிங் வேற. கடையில் கேட்டு வாங்குங்கோ.

கேபிளில் பாரம் இல்லாத போதும் லிவர் வேலை செய்யாவிட்டால் பிழை லிவருக்குள். இனி அது எப்படி நடக்கிறது எண்டு கவனிக்க வேணும்.

லிவர் லூசாக ஆடினால்: கிறீஸ் இறுகினது

லிவர் தடையில்லாமல் உள்ளே போய் வருகிறது, க்ளிக் மட்டும் இல்லை எண்டால், கிட்டத்தட்ட எப்பவுமே காரணம் பழைய கிறீஸ். பத்துப் பதினைந்து வருசத்தில் அது காய்ந்து மெழுகு மாதிரி ஆகிவிடும். கொக்கியைத் தள்ளுகிற ஸ்பிரிங் மிகவும் மெல்லியது. மெழுகுக்குள் புதைந்த கொக்கியை அதால் அசைக்க ஏலாது. குளிரில் இன்னும் மோசம். அதாலதான் இப்படியான லிவர்கள் பனிக்காலத்தில் நிண்டுபோகும்.

திருத்த வேண்டியவை: பிளாஸ்டிக்கைத் தாக்காத டீகிறீசர் ஸ்பிரே, மெல்லிய குழாயோடு. கொஞ்சம் மெல்லிய எண்ணெய். பழைய துணி. பொறுமை.

லிவரின் ரப்பர் ஹூட்டை மெதுவாகப் பின்னுக்கு மடியுங்கோ. பிரேக் லிவரை அமத்திப் பிடித்தால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி தெரியும். ஃபோன் டோர்ச்சை அடித்தால் பல்லுச் சக்கரத்தைக் காணலாம். கீழே துணி வையுங்கோ. அந்த இடைவெளிக்குள் ஸ்பிரே அடித்து, லிவரை ஐம்பது தரமாவது ஆட்டுங்கோ. பத்து நிமிசம் விடுங்கோ. திரும்ப அடியுங்கோ. யன்னலைத் திறந்து வையுங்கோ, பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: ஸ்பிரே பிரேக் டிஸ்க்கிலோ, பாட்டிலோ, ரிம்மிலோ ஒரு துளியும் படக்கூடாது. முன்சில்லைக் கழற்றித் தூர வைப்பது நல்லது. ஹைட்ரோலிக் பிரேக் உள்ள லிவர் எண்டால் அதில் ஒரு ஸ்குரூவையும் கழற்ற வேண்டாம். உள்ளே பிரேக் எண்ணெய் இருக்கு. கியர் போனால் மெதுவாகப் போவீங்கள், பிரேக் போனால் அப்படியில்லை.

என்ர லிவரில் முதல் தரம் மண்ணிறத் தண்ணி மட்டும்தான் வடிந்தது. இரண்டாம் தரமும் ஒண்டுமில்லை. மூன்றாம் தரம் நடுவில் ஒரு 'டிக்' கேட்டது. பிறகு ஐந்துக்கு ஒண்டு, பிறகு ரெண்டுக்கு ஒண்டு, கடைசியில் ஒவ்வொரு தள்ளுக்கும். அப்பா தேத்தண்ணியோடு வந்து பார்த்துவிட்டு ஒண்டும் சொல்லாமல் திரும்பிப் போனார்.

க்ளிக் வந்ததும் நிற்பாட்டாதேங்கோ. டீகிறீசர் எண்ணெயையும் கழுவிவிடும். நன்றாகக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் சில துளி விடுங்கோ. தடித்த கிறீஸைத் திரும்பப் பூசினால் கொக்கிகள் மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். டபிள்யூடி-40 கழுவுவதற்கு உதவும், ஆனால் கனநாள் நிற்கிற எண்ணெயாக அதை நம்ப வேண்டாம்.

லிவர் இடையில் சிக்கினால்: கேபிள் பிய்ந்தது

லிவர் பாதியில் நிற்கிறது, கரகரக்கிறது, அல்லது ஒரு பக்கத்துக்கு மட்டும் போகிறது எண்டால் கேபிளைச் சந்தேகப்படுங்கோ. ஹாண்டில் பட்டைக்கு அடியால் கேபிள் ஓடுகிற லிவர்களில், கேபிளின் தலைக்குப் பக்கத்தில் ஒரு கூர்மையான வளைவு இருக்கு. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அந்த இடம் வளைந்து நிமிரும். கடைசியில் இழைகள் ஒவ்வொன்றாக உடையும். உடைந்த இழை பல்லுச் சக்கரத்துக்குள் போய்ச் சுத்திக்கொள்ளும்.

இங்கே செய்யக்கூடாதது, திரும்பத் திரும்ப லிவரைத் தள்ளுறது. இழை இன்னும் உள்ளே போகும். டோர்ச் வெளிச்சத்தில் கேபிள் தலையைத் தேடுங்கோ. மெல்லிய சாவணத்தால் உடைந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுங்கோ. கேபிளை வெளிப்பக்கம் இழுக்காமல், பின்பக்கத்தில் இருந்து தலையை நோக்கித் தள்ளுங்கோ. லிவர் ஆகச் சின்னப் பல்லுச் சக்கர நிலைக்கு வந்தால்தான் தலை வெளியே வருகிற ஓட்டையும் நேராக வரும். ஒரு இழையையும் உள்ளே விட்டுவைக்காதேங்கோ.

இது வராமல் தடுக்கலாம். பின் கியர் திடீரெண்டு குழம்பத் தொடங்கி, எவ்வளவு சரிசெய்தும் நிற்காவிட்டால் ஹூட்டை மடித்துக் கேபிள் தலையைப் பாருங்கோ. ஒரு இழை உடைந்திருந்தாலும் அண்டைக்கே மாத்துங்கோ. தினமும் ஓடுற ஆக்கள் வருசத்துக்கு ஒருக்கால் மாத்தினால் நல்லது.

எது செய்தாலும், கேபிளைத் திரும்பக் கட்டினதும் கியரை ஒழுங்குபடுத்த வேணும். டீரெய்லரில் கேபிள் நுழைகிற இடத்தில் உள்ள திருகை, பின்னால் நின்று பார்க்கும்போது இடஞ்சுழியாகத் திருகினால் செயின் பெரிய பல்லுச் சக்கரப் பக்கம் போகும், வலஞ்சுழியாகத் திருகினால் சின்னதின் பக்கம். ஒவ்வொரு தரமும் கால் சுத்து போதும்.

எப்ப கைவிடுறது?

நாலைந்து தரம் கழுவியும் க்ளிக் வராவிட்டால், அல்லது வந்து பாரம் ஏறும்போது வழுக்கினால், பல்லோ கொக்கியோ தேய்ந்திருக்கலாம். விழுந்து அடிபட்டு உடைந்த லிவரும் அப்படித்தான். அது உண்மையான பழுது. அப்பவும் புதுசு வாங்க முதல், அதே கம்பனியின் அதே கியர் எண்ணிக்கை உள்ள பழைய லிவரைத் தேடிப் பாருங்கோ. தனியாகச் செய்யப் பயமெண்டால் ரிப்பேர் கஃபே இருக்கு. 2009 இல் அம்ஸ்டர்டாமில் தொடங்கினது, இப்ப ஜெர்மனியிலும் பல நகரங்களில் நடக்குது.

எபிசோட்டில் சொன்ன ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் 2024 இல் நிறைவேறியது. 2026 ஜூலை 31 இல் இருந்து நடைமுறை. குளிர்சாதனப் பெட்டி, ஃபோன், இ-பைக் மாதிரி பற்றரி உள்ள வண்டி எல்லாம் அதின் பட்டியலில் இருக்கு. சாதாரணக் கியர் லிவர் இல்லை. அதால இந்தச் சாமானுக்குச் சட்டம் வந்து உதவும் எண்டு காத்திருக்கேலாது. ஒரு பின்னேரமும் ஒரு ஸ்பிரே டப்பாவும் போதும். எனக்கு ஒன்பது யூரோ போச்சு, லிவர் இரண்டு பனிக்காலம் தாண்டி ஓடுது.

உங்கட வீட்டில் 'பழுது' எண்டு மூலைக்குள் வைத்த சாமான் என்ன? இந்த மெயிலுக்கே பதில் போடுங்கோ, படத்தோட. நல்லதா மூண்டைத் தெரிஞ்செடுத்து அடுத்த எபிசோட்டில் கழட்டிப் பார்ப்பம்.