கைவிடப்பட்ட இணைய விளையாட்டு உலகங்கள்

கைவிடப்பட்ட இணைய விளையாட்டு உலகங்கள் என்பவை, பலர் கூடி விளையாடுவதற்காக இணையத்தில் உருவாக்கப்பட்டு, பின்னர் விளையாடுவோர் நீங்கியதாலோ நடத்துநர் சேவையை நிறுத்தியதாலோ வெறுமையுற்ற மெய்நிகர் இடங்கள் ஆகும். இவை இரு வகைப்படும். முதல் வகையில் வழங்கிக் கணினி இயங்கிக்கொண்டிருக்கும். ஆட்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். இரண்டாம் வகையில் வழங்கியே நிறுத்தப்பட்டிருக்கும். முதல் வகை உலகினுள் நுழைந்து, முன்னர் அங்கு இருந்தோரின் சுவடுகளைக் காணலாம். இரண்டாம் வகை உலகினுள் நுழைய வழியில்லை.

அழிவுக்கான காரணம்

இணைய விளையாட்டொன்றின் படங்களும் ஒலிகளும் பெரும்பாலும் விளையாடுபவரின் கணினியிலோ கைபேசியிலோ சேமிக்கப்படுகின்றன. யாருடைய வீடு எங்கு உள்ளது, எப்பொருள் யாருக்கு உரியது, யார் யாருக்கு நண்பர் என்பன போன்ற செய்திகள் நடத்துநரின் வழங்கியில் உள்ள தரவுத்தளத்திலேயே இருக்கும். எனவே வழங்கி நிறுத்தப்பட்டால், விளையாடியவரிடம் எஞ்சுவது ஊர் அன்று. ஊர் கட்டப்பட்ட செங்கற்களே.

வரலாறு

எழுத்துவடிவில் அமைந்த முதல் பல்பயனர் உலகமான மட், இங்கிலாந்தின் எசெக்சு பல்கலைக்கழகத்தில் 1978இல் ராய் டிரப்சா என்பவரால் தொடங்கப்பட்டது. ரிச்சர்டு பார்ட்டில் அதனை வளர்த்தெடுத்தார். படவடிவ உலகங்களுள் முன்னோடியான ஆபிடாட், லூகாசுபிலிம் நிறுவனத்தால் 1986இல் கொமடோர் 64 கணினிக்காக வெளியிடப்பட்டது. அல்டிமா ஆன்லைன் (1997), ஸ்டார் வார்சு கேலக்சீசு (2003), சிட்டி ஆஃப் ஈரோசு (2004) ஆகியவை பின்னர் வந்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இவற்றுள் ஸ்டார் வார்சு கேலக்சீசு 2011 டிசம்பர் 15 அன்றும், சிட்டி ஆஃப் ஈரோசு 2012 நவம்பர் 30 அன்றும் மூடப்பட்டன. சிறுவர்களுக்கான கிளப் பெங்குவின் 2017 மார்ச்சு இறுதியில் நிறுத்தப்பட்டது.

எஞ்சும் சுவடுகள்

* கட்டடங்கள்: 1995இல் தொடங்கப்பட்ட ஆக்டிவ் வேர்ல்ட்சு உலகில் பயனர்கள் நிலத்தில் தாமே வீடு கட்டினர். உரிமையாளர்கள் வராமல் நின்ற பின்னரும் அவ்வீடுகளும் அறிவிப்புப் பலகைகளும் அங்கேயே நின்றன.
* சிதைவுகள்: 2010 முதல் ஒருமுறையும் புதுப்பிக்கப்படாமல் தொடரும் 2பி2டி என்னும் மைன்கிராஃப்ட் வழங்கியில், இடிக்கப்பட்ட கோட்டைகள், நெடுஞ்சாலைகள், எழுத்துப் பலகைகள் ஆகியன அடுக்கடுக்காகக் காணப்படுகின்றன. இதனைத் தொல்லியல் களத்துக்கு ஒப்பிடலாம்.
* மறையும் வீடுகள்: அல்டிமா ஆன்லைனில் உரிமையாளர் நெடுங்காலம் வராவிடின் வீடு படிப்படியாகச் சிதைந்து, இறுதியில் இடிந்துவிடும். அதன் நிலையை வாயிற்பலகை காட்டும். இடியும் நேரத்தில் பொருள்களை அள்ளிச்செல்லப் பிறர் காத்திருப்பர்.
* பெயர்கள்: நண்பர் பட்டியலில் நெடுநாள் இணைப்பில் இல்லாதவர்களின் பெயர்கள். அவர்களுள் இறந்துபோனவர்களும் இருக்கக்கூடும் என்பதால், இப்பட்டியல் சிலருக்கு நினைவிடமாகவும் விளங்குகிறது.

இந்தியாவில்

இந்தியாவில் இத்தகைய நிகழ்வை மிகப் பலர் உணர்ந்தது பப்ஜி மொபைல் விளையாட்டின் தடையின்போது எனலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் 2020 செப்டம்பர் 2 அன்று இந்திய அரசு 118 செயலிகளைத் தடைசெய்தது. அவற்றுள் இதுவும் ஒன்று. அக்டோபர் 30 முதல் இந்தியப் பயனர்களுக்கான சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. விளையாட்டு பிற நாடுகளில் தொடர்ந்தது. இந்தியரின் வாயில் மட்டும் அடைபட்டது. 2021 சூலை 2 அன்று கிராஃப்டன் நிறுவனம் பேட்டில்கிரவுண்ட்சு மொபைல் இந்தியா என்னும் பதிப்பை வெளியிட்டு, பழைய கணக்கின் உடைமைகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள இடமளித்தது. அதுவும் 2022 சூலையில் செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதத்தில் திரும்பியது. பணம் கொடுத்து வாங்கிய உடைகளும் ஆண்டுக்கணக்கில் ஈட்டிய தரநிலையும் பயனரின் உடைமை அல்ல, பிறர் அளிக்கும் அனுமதியே என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

திருப்பெரும்புதூரும் நோக்கியாவும்

இழப்பின் தன்மையை விளங்கிக்கொள்ளத் திருப்பெரும்புதூர் - ஒரகடம் தொழில் பகுதி ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. நோக்கியா நிறுவனம் தன் என்-கேஜ் கைபேசிக்காக 2004இல் பாக்கெட் கிங்டம் என்ற விளையாட்டை வெளியிட்டது. பல நாட்டினரும் கைபேசி வழியே ஒரே உலகில் மோதிக்கொள்ள அது வகைசெய்தது. என்-கேஜ் சேவை 2010 இறுதியில் முடிவுற்றது. அதே நிறுவனம் திருப்பெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய கைபேசித் தொழிற்சாலை, வரி வழக்கில் சிக்கி 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். அவ்விழப்பு விளையாட்டின் இழப்போடு ஒப்பிடத்தக்கதன்று. ஆயினும் கட்டடம் நின்றது; 2019இல் சால்காம்ப் நிறுவனம் அதனை வாங்குவதாக அறிவிக்கப்பட்டு, மீண்டும் அங்கு உற்பத்தி தொடங்கியது. வழங்கி அணைக்கப்பட்ட விளையாட்டு உலகில் இவ்வாறு நிற்பதற்குச் சுவரோ கூரையோ இல்லை.

பாதுகாப்பு முயற்சிகள்

சிட்டி ஆஃப் ஈரோசின் நிரலைக் கொண்டு மறைவாக வழங்கி இயக்கப்பட்டது 2019இல் வெளிப்பட்டது. அதன்பின் ஆர்வலர்கள் நடத்திய ஓம்கமிங் என்னும் வழங்கிக்கு 2024 சனவரியில் என்சிசாஃப்ட் நிறுவனம் முறையான உரிமம் அளித்தது. ஆபிடாட்டின் மூல நிரல் 2016இல் பொதுவில் வெளியிடப்பட்டு, தன்னார்வலர்களால் மீண்டும் இயக்கப்பட்டது. ஆனால் மீட்கப்படுபவை பெரும்பாலும் தெருக்களும் கட்டடங்களும் மட்டுமே. பயனர்களின் பழைய உடைமைகளும் உரையாடல்களும் தரவுத்தளத்தோடு அழிந்திருக்கும். எனவே திரைப்பதிவுகள், திரைப்படிமங்கள், விளையாடியோரின் நினைவுக்குறிப்புகள் ஆகியவையும் ஆவணங்களாகச் சேகரிக்கப்பட வேண்டும் என்று ஆவணக் காப்பாளர்கள் கருதுகின்றனர்.

சட்ட நோக்கில், அமெரிக்கா 2018இல் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் வரையறுக்கப்பட்ட விலக்கு அளித்தது. தி குரூ என்ற விளையாட்டு 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டதை அடுத்து, விற்கப்பட்ட விளையாட்டுகளைப் பயனற்றதாக்கக் கூடாது என வலியுறுத்தும் இயக்கம் தோன்றியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் மனு 2025 சூலையில் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது.

இவற்றையும் பார்க்க

* மெய்நிகர் உலகம்
* எண்மப் பாதுகாப்பு
* திருப்பெரும்புதூர்