மருந்து எங்கே தங்க வேண்டும்?

மாதம் ஒரு ஊசி போதும், தினமும் மாத்திரை வேண்டாம் என்றால் எந்தக் காசநோயாளிதான் மறுப்பார்? வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படும் காசநோய்க்கே பொதுவாக ஆறு மாதச் சிகிச்சை தேவை. இருமல் நின்று உடம்பு தேறியதும் பலர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். காசநோய்க்கான தனி மருத்துவமனையான சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே வீட்டிலிருந்து மருந்து சாப்பிட்டவர்களும் குணமடைந்தார்கள் என்பதை 1956இல் தொடங்கிய சென்னை ஆய்வு 1959இல் உலகுக்குக் காட்டியது. சானடோரியங்களின் காலம் முடிய அது பெருங்காரணம். ஆனால் மாத்திரையை விடாமல் விழுங்கும் பொறுப்பும் அதோடு நோயாளியின் வீட்டுக்கே வந்துவிட்டது. ஆன்டிபயாட்டிக்கை மக்கும் பாலிமர் துகள்களில் அடைத்து உடலுக்குள் மெல்ல மெல்லக் கசியவிடும் நுட்பம் இந்தப் பொறுப்பைத் தீர்த்துவைக்கும் என்று பேசப்படுகிறது. நுட்பம் நல்லதுதான், எதிர்பார்ப்புதான் இடம் மாறியிருக்கிறது. இந்தத் துகள்களின் உண்மையான பலன், மருந்து எத்தனை நாள் நீடிக்கிறது என்பதைவிட எந்த இடத்தில் நீடிக்கிறது என்பதில் இருக்கிறது.

இதில் அதிகம் பயன்படும் பாலிமரின் பெயர் பி.எல்.ஜி.ஏ. லாக்டிக் அமிலத்தையும் கிளைகாலிக் அமிலத்தையும் சங்கிலியாகக் கோத்த பொருள் இது. உடலில் உள்ள நீரே அந்தச் சங்கிலியை அறுக்கிறது. மிஞ்சும் அமிலங்களை உடல் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. அறுவைச் சிகிச்சையில் தானே கரையும் தையல் நூலாக இந்தக் குடும்பத்துப் பாலிமர்கள் 1970களிலிருந்தே புழக்கத்தில் உள்ளன. இரண்டு அமிலங்களையும் சரிபாதியாகச் சேர்த்தால் பாலிமர் விரைவில் கரையும். லாக்டிக் அமிலத்தைக் கூட்டினால் பல மாதம் தாங்கும். மருந்தையும் பாலிமரையும் ஒரு கரைப்பானில் கலந்து, நீரில் வேகமாகக் கலக்கி நுண்துளிகளாக்கி, கரைப்பானை ஆவியாக்கினால் துகள் தயார். சொல்வதற்கு எளிது. துகளின் மேற்பரப்பில் ஒட்டிய மருந்து முதல் நாளிலேயே மொத்தமாக வெளியேறிவிடும். பாலிமர் கரையக் கரையத் துகளின் உட்புறம் அமிலமாகி, ரிஃபாம்பிசின் போன்ற காசநோய் மருந்துகள் உள்ளேயே சிதையவும் கூடும்.

ஆனால் மாதாந்தர ஊசிக்குக் குறுக்கே நிற்பது வேதியியலைவிட எளிய கணக்கு. புராஸ்டேட் புற்றுநோய்க்கான லியூப்ரோலைடு என்னும் ஹார்மோன் மருந்து இப்படிப்பட்ட துகள் வடிவில் 1989இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று வெற்றி கண்டது. ஒரு மாதத்துக்குத் தேவைப்படும் அதன் அளவு 7.5 மில்லிகிராம் மட்டுமே. ரிஃபாம்பிசினோ ஒரு நாளைக்கே 600 மில்லிகிராம் வரை தேவை. மாதத்துக்கு 18 கிராம். துகளின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு மருந்து என்று வைத்துக்கொண்டால் 90 கிராம் பொடியை ஊசியில் ஏற்ற வேண்டும்! சீராகக் கசியும்போது அளவு குறைவாகவே தேவைப்படும் என்று வாதிடலாம். வாதம் சரிதான், ஆனால் ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் 18 கிராம் பொடி மிஞ்சுகிறதே. அதுவும் காசநோய்க்குச் சேர்த்துத் தரும் நான்கு மருந்துகளில் ஒன்றுக்கு மட்டும்.

மருந்தை உடல் முழுக்கப் பரப்பாமல், கிருமி ஒளிந்திருக்கும் இடத்திலேயே வைத்தால் கணக்கு தலைகீழாகிறது. பல்லுக்கும் ஈறுக்கும் இடையே ஆழமான பைகள் உருவாகும் ஈறுநோய்க்கு, மினோசைக்ளின் அடைத்த பி.எல்.ஜி.ஏ. நுண்துகள் 2001இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றது. ஒரு பைக்கு ஒரே ஒரு மில்லிகிராம். வாய்வழி மாத்திரையில் 100 மில்லிகிராம். பற்களைச் சுத்தம் செய்வதோடு இதையும் சேர்த்தபோது கிடைத்த கூடுதல் பலன் சிறியதே என்பதையும் சொல்லிவிட வேண்டும். எலும்பில் சீழ் பிடித்தால் இடத்தின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். ரத்த ஓட்டம் செத்துப்போன எலும்புக்குள் மாத்திரை மருந்து போய்ச் சேருவதில்லை. அதனால் ஜென்டாமைசின் கலந்த அக்ரிலிக் மணிகளை அறுவை மருத்துவர்கள் எலும்புக்குள் வைத்துவந்தார்கள். அவை கரையாதவை, வெளியே எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். தானே கரையும் துகளுக்கு அந்த இரண்டாவது கத்தி தேவையில்லை.

காசநோய்க்கும் இந்த வழி அடைபடவில்லை. காசநோய்க் கிருமி குடியிருப்பது நுரையீரலின் விழுங்கு செல்களுக்குள். சில மைக்ரான் அளவுள்ள துகள்களை அதே செல்கள் கிருமி என்று எண்ணி விழுங்கிவிடுகின்றன. சண்டிகரிலுள்ள முதுகலை மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் நுண்ணிய துகள்களில் மருந்தை அடைத்து, கினிப்பன்றிகளை மூச்சு வழியே உள்ளிழுக்கச் செய்தது. பத்து நாளுக்கு ஒன்றாகக் கொடுத்த ஐந்து வேளை மருந்து, 46 நாள் தினசரி வாய்வழி மருந்துக்கு ஈடானது என 2003இல் அந்தக் குழு வெளியிட்டது. இது விலங்கில் கிடைத்த முடிவுதான். குழி விழுந்து தழும்பேறிய மனித நுரையீரலில் துகள் எல்லா மூலைக்கும் போகுமா என்பது வேறு கேள்வி.

கடுமையான ஆட்சேபம் மருந்தெதிர்ப்பு பற்றியது. துகள் தீர்ந்துபோகும் கடைசி நாட்களில் மருந்து கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கீழே இறங்கும். அந்த அரைகுறை அளவில்தான் எதிர்ப்புக் கிருமிகள் தழைக்கும். வாதக் காய்ச்சலால் இதயம் கெடாமல் தடுக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சாத்தீன் பெனிசிலின் ஊசியும் இப்படித்தான் மெல்லத் தேய்கிறது. அது குறிவைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இத்தனை ஆண்டுகளாகியும் பெனிசிலினை எதிர்க்கக் கற்கவில்லை. இது அந்தக் கிருமியின் தனிக் குணம். காசநோய்க் கிருமியிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஆகவே துகளின் கடைசிக் கட்டம் சட்டென்று முடியும்படி பாலிமரைத் தேர்வதும், ஒன்றுக்கு மேற்பட்ட மருந்தைச் சேர்ப்பதும் கட்டாயம். ஒவ்வாமை வந்தால் போட்ட துகளைத் திரும்ப எடுக்க முடியாது என்பது அடுத்த ஆட்சேபம். அதற்கு, அதே மருந்தை முதலில் சில நாள் மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்பதே வழி. கிருமிநீக்கிய சூழலில் தயாரிக்க ஆகும் செலவுக்கு இன்னும் நல்ல பதில் இல்லை.

ஆய்வுப் பணத்தை எங்கே செலவிடலாம் என்று கேட்டால், எலும்பு, ஈறு, நுரையீரல் என்று இடம் தெரிந்த தொற்றுகளுக்கே முதலில் என்பேன். காசநோயாளியோ இன்றைக்கு மாத்திரையை ஒருநாளும் விடாமல் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.